வில்லையில் அவரவர் மாற்றிக்கொள்ளும் படத்துக்கு என்ன சொல்? (சொல்லாக்கக் குழு இழை)

களக்காடு எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். அவசரம் என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

வாழை விவசாயிகளுக்கான இணையவழிப் பயிற்சிக்கு வில்லைகள் (ஸ்லைடுகள்) தயாராகின்றன. பாடம் நடத்தப்போவது நான் அல்ல, அந்தந்த ஊர்ப் பயிற்சியாளர்கள். பக்கக் கன்று எடுப்பது, சொட்டுநீர்க் குழாய் போகும் வழி, இலைநோய் அடையாளம், மாதவாரி வேலை என்று ஒரு படத்தொகுப்பைப் பவர்பாயிண்ட் கோப்பாகக் கொடுத்துவிடுவோம். பெயர், நிறம், அம்புக்குறி, அளவு எல்லாவற்றையும் அவர்களே மாற்றிக்கொள்ளலாம். மாற்றித்தான் ஆகவேண்டும். நாங்கள் ‘தார்’ என்பதை நாகர்கோவில் பக்கம் ‘குலை’ என்பார்கள். ஏத்தன் வாழை போட்டவரிடம் செவ்வாழைப் படத்தைக் காட்டிப் பாடம் நடத்தினால் அவர் செல்போனை அணைத்துவிட்டு வயலுக்குப் போய்விடுவார்.

கூடவே கையேடு ஒன்று போகிறது. இப்படி மாற்றிக்கொள்ளத்தக்க வில்லைப் படத்தைக் குறிக்கும் தொடர் அதில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. முதல் வரைவில் ‘தனிப்பயனாக்கத்தக்க படவில்லை வரைகலை’ என்று போட்டிருந்தார்கள். வாசித்துக் காட்டியபோது ஒரு பயிற்சியாளர், “தனியாருக்குக் கொடுக்கிற படமா?” என்று கேட்டார்.

எனக்கு வேண்டியது இரண்டு சொல். ஒன்று, இந்தப் படத்துக்கு. இன்னொன்று, வில்லையில் எழுத்தோ படமோ போடுவதற்காக விட்டுவைத்திருக்கும் வெற்றுப் பெட்டிக்கு. வெள்ளிக்கிழமை கையேடு அச்சுக்குப் போகிறது.

தென்காசி எழுதியது:

அக்கா, சொல் தேடுவதற்கு முன்னால் பொருளைப் பிரித்துக்கொள்வோம். இல்லாவிட்டால் நாளைக்கு இதே குழுவில் ஆளுக்கொரு பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு சண்டை போடுவோம்.

கோப்பைத் திறந்தால் நான்கு இருக்கின்றன. அடியில் மாஸ்டர். எல்லா வில்லைக்கும் பொதுவான பின்னணி, எழுத்துரு, சின்னம் அதில்தான். அதன்கீழ் வருவது லேஅவுட்: தலைப்பு எங்கே, படம் எங்கே என்ற ஒழுங்கு. லேஅவுட்டுக்குள் நீங்கள் சொன்ன வெற்றுப் பெட்டிகள். ‘தலைப்பைச் சேர்க்கச் சொடுக்கவும்’ என்று மங்கலாக நிற்குமே, அவை. நான்காவது, வில்லையின்மேல் வரைந்து வைத்திருக்கும் படம். இந்த நான்குக்கும் ‘வார்ப்புரு’ என்று ஒரே சொல்லைப் போட்டு எழுதிய தமிழ்க் கையேடுகளை நான் பார்த்திருக்கிறேன். படித்தவர் எதைச் சொடுக்குவார்?

வெற்றுப் பெட்டியையும் சாதாரண எழுத்துப் பெட்டியையும் கையேட்டில் கட்டாயம் பிரித்துச் சொல்லுங்கள். வெற்றுப் பெட்டியில் எழுதியது லேஅவுட்டை மாற்றினால் தானும் இடம் மாறும், புறவரைப் பார்வையிலும் (அவுட்லைன்) தெரியும். ஒன்றும் எழுதாமல் விட்டால் காட்சியின்போது அந்த மங்கல் வரி தெரியாது. நாமாக இழுத்துப் போட்ட எழுத்துப் பெட்டிக்கு இந்தக் குணம் எதுவும் கிடையாது, போட்ட இடத்திலேயே கிடக்கும். பயிற்சியாளர்கள் படம் மாற்றும்போது எல்லாம் கலைந்துபோகிறது என்று புலம்புவதில் பெரும்பங்கு இதனால்தான்.

சொல்லைப் பொறுத்தவரை என் ஓட்டு, படத்துக்கு டெம்ப்ளேட், வெற்றுப் பெட்டிக்கு பிளேஸ்ஹோல்டர். பாரதியாருக்கே ‘மெம்பர்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் அகப்படவில்லை. எட்டயபுரத்துக்காரரே யோசித்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் ‘மெம்பர்’ என்று எழுதினாரே.

பாளை எழுதியது:

> எட்டயபுரத்துக்காரரே யோசித்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் ‘மெம்பர்’ என்று எழுதினாரே

தம்பி, கதையில் பாதியைச் சொல்லி நிறுத்திவிட்டீர். அரைமணி நேரம் யோசித்தும் கிடைக்கவில்லை என்றவர், இன்னும் ஆர அமர யோசித்து மற்றொரு முறை சொல்வதாகவும் சேர்த்துத்தான் எழுதினார். ஆகவே அது தோல்வியில்லை, வாய்தா. இன்றைக்கு ‘உறுப்பினர்’ என்று பஞ்சாயத்துத் தேர்தல் தட்டியில் எழுதுகிறோம், யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. 1930-களில் நம் திருநெல்வேலியில் உட்கார்ந்து கலைச்சொல்லுக்காக உழைத்த இ.மு. சுப்பிரமணிய பிள்ளை போன்றவர்கள் ‘ஆங்கிலமே இருக்கட்டும்’ என்று படுத்திருந்தால் நம் பாடநூல்கள் எப்படி இருந்திருக்கும்?

‘தனிப்பயனாக்கம்’ ஒழியட்டும், அதில் எனக்கும் உடன்பாடுதான். தனி, பயன், ஆக்கம் என்று மூன்று கல்லை அடுக்கிச் சுவர் என்கிறார்கள். ‘படவில்லை’ அதைவிட மோசம். “படவில்லை கண்ணில் படவில்லை” என்று வகுப்பில் ஒரு பயல் சொல்லிவிட்டால் அப்புறம் பாடம் நடக்காது. தவிர, வில்லை என்பது கற்பூர வில்லை, மாத்திரை வில்லை, கண்ணுக்குள் இருக்கும் வில்லை. வட்டமாக, சின்னதாக இருக்கும் பொருள். நீங்கள் காட்டுவதோ அகலமான செவ்வகம், பதினாறுக்கு ஒன்பது.

என் முன்மொழிவு: எழினி. மாதவி அரங்கேறிய அரங்கில் இளங்கோவடிகள் மூன்று திரை வைக்கிறார். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி. ஒரு பக்கமிருந்து இழுப்பது, இரு பக்கமிருந்தும் வந்து பொருந்துவது, மேலிருந்து இறங்குவது. பவர்பாயிண்டில் ஒரு வில்லை போய் இன்னொன்று வரும் விதங்களைத் திறந்து பாருங்கள், மூன்றும் அங்கே இருக்கின்றன! சிலம்பில் ஆயத்தமாக இருக்கும் கலைச்சொல்லை விட்டுவிட்டு ‘டிரான்ஸிஷன்’ என்று ஏன் தடுமாற வேண்டும்? வில்லை எழினியாகட்டும். மாற்றிக்கொள்ளும் படம் ‘திரிபெழினி’.

வள்ளியூர் எழுதியது:

அண்ணாச்சி, எங்கள் தெருவில் எழினி என்று ஒரு பிள்ளை இருக்கிறாள். அதியமான் குடியில் வழங்கிய பெயர் என்று அவள் அப்பா சொல்வார். ‘எழினியைத் திறந்து நிறத்தை மாற்றவும்’ என்று கையேட்டில் எழுத எனக்குக் கை வராது. ஆனால் வில்லை மாறும் விதத்துக்கு ஒருமுகம், பொருமுகம் உண்மையிலேயே பிடித்திருக்கிறது, குறித்துவைத்துக்கொண்டேன்.

படம் வரைகிறவன் என்ற முறையில் ஒன்று. எல்லாப் படமும் மாற்றிக்கொள்ளத்தக்கதல்ல. போட்டோவையோ பிஎன்ஜி படத்தையோ கொடுத்தால் வெட்டலாம், பெரிதாக்கலாம், வெளிச்சம் கூட்டலாம். வாழை இலையை மட்டும் தனியே எடுத்து நிறம் மாற்ற முடியாது. எஸ்விஜி (கோடும் வடிவமுமாகச் சேமித்த படம்) கொடுத்தால் அதை வடிவங்களாகப் பிரித்துக்கொண்டு இலை வேறு, தண்டு வேறு, அம்பு வேறு என்று தொடலாம். நிறத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு தீமில் (கோப்புக்கான நிற, எழுத்துருத் தொகுப்பு) 12 நிற இடங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் நான்கு, அழுத்தம் கொடுக்க ஆறு, இணைப்புகளுக்கு இரண்டு. படத்தை அந்த இடங்களோடு கட்டி வரைந்திருந்தால், நிறத்தொகுதியை ஒரு தடவை மாற்றினால் போதும், எல்லா வில்லையிலும் மாறிவிடும். வரைந்தவர் தன் இஷ்டத்துக்கு ஒரு பச்சையைத் தனியே எடுத்துப் பூசியிருந்தால் அது அப்படியே நிற்கும். எனக்கு வரும் கோப்புகளில் பாதிக்குமேல் இந்த இரண்டாம் ரகம்தான். பெயரில் ‘மாற்றத்தக்க’ என்று இருக்கும், தொட்டால் மாறாது. சொல் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அக்கா இதைக் கவனிக்கவும்.

பத்தமடை எழுதியது:

நான் பெரும்பாலும் வாசிப்பதோடு சரி. இது எங்கள் ஊர் விஷயம் போல இருப்பதால் எழுதுகிறேன்.

பாய் நெய்யும்போது தறியில் நூலைப் பாவாக நீளவாக்கில் கட்டிவிடுவார்கள். குறுக்கே கோரையை ஊடையாகக் கொடுத்துக்கொண்டே போவார்கள். பாவு நிலையானது. சாயக் கோரையை எங்கே கொடுக்கிறோம் என்பதில்தான் கரை, பூ, கட்டம் எல்லாம் மாறும். கல்யாணப் பாய் என்றால் மாப்பிள்ளை பெண் பெயரே அதில் விழும். தென்காசித் தம்பி சொன்ன மாஸ்டரும் வெற்றுப் பெட்டியும் இப்படித்தானே? நிலையாக இருப்பது பாவு, அவரவர் மாற்றுவது ஊடை. ‘பாவுப்படம்’, ‘ஊடைப்படம்’ என்று வைத்தால் என்ன?

பாளை எழுதியது:

சார், கண்ணைத் திறந்துவிட்டீர்! பாவு என்பது சாதாரணச் சொல்லல்ல. நாற்றுப் பாவுகிறோம், தளம் பாவுகிறோம். பரவுதல், பரப்புதல், பாய்தல். விரிப்பதால் பாய். ‘பா’ என்றால் செய்யுளும் ஆயிற்று. ஓசை பரந்து வருவது பா. இவையெல்லாம் ஒரே வேர் என்பது என் நெடுநாள் எண்ணம். ‘பார்’ என்கிற உலகமும் அதில்தான் சேரும். பக்கம், பரண், பந்தர் பற்றியும் எழுதலாம், நேரமில்லை. பாவாணர் இருந்திருந்தால்

வள்ளியூர் எழுதியது:

அண்ணாச்சி, மடல் பாதியில் நிற்கிறது.

பாளை எழுதியது:

மின்சாரம் போய்விட்டது. பாவாணர் இருந்திருந்தால் இதற்கு ஒரு தனிக்கட்டுரை எழுதியிருப்பார் என்று முடித்திருந்தேன். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர் இல்லையா.

தென்காசி எழுதியது:

பந்தர் வரைக்கும் போய்விட்டோம், வெள்ளிக்கிழமை வந்துகொண்டிருக்கிறது.

பத்தமடை சார் சொன்னது பொருளுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது, மறுக்கவில்லை. ஆனால் களக்காட்டு வயலில் ஊடை என்றால் ஊடுபயிர் என்று எடுத்துக்கொள்வார்கள். அவசரத்தில் ‘உடை’ என்றும் படிப்பார்கள். மாஸ்டருக்குப் ‘பாவு’ வைத்தாலும், கணினித் திரையில் அந்தப் பொத்தானின்மேல் வேறு பெயர் இருக்கும். கையேட்டில் ஒரு சொல், திரையில் ஒரு சொல் என்றால் படிப்பவர் கையேட்டைத்தான் மூடுவார்.

ஆங்கிலம் வேண்டாம் என்றால் எளிமையாக ‘மாற்றுப்படம்’. எல்லோருக்கும் புரியும்.

களக்காடு எழுதியது:

தம்பி, ‘மாற்றுப்படம்’ எனக்கும் முதலில் தோன்றியதுதான். இரண்டு சிக்கல். மாற்றுப்பாதை, மாற்றுச்சாவி, மாற்று எரிபொருள் என்றால் ‘இதற்குப் பதில் இன்னொன்று’ என்றுதான் பொருள். அப்படியானால் மாற்றுப்படம் என்பது இந்தப் படத்துக்குப் பதிலாக வைக்கும் வேறொரு படம். இரண்டாவது, பார்வையற்றவர்களுக்காகத் திரைவாசிப்பான் படித்துச் சொல்லும் வரியை ‘மாற்று உரை’ என்று அதே கையேட்டில் எழுதியிருக்கிறோம். ‘மாற்றுப்படத்தின் மாற்று உரையை மாற்றவும்’ என்று ஒரு வாக்கியம் வருகிறது. நானே வாசித்து நாக்குத் தடுக்கினேன்.

பாளை எழுதியது:

அம்மா, நீங்கள் தொட்டது இலக்கணம். அந்த ஒற்று இருக்கிறதே, ‘ப்’, அதுதான் குற்றவாளி. மாற்றுப்படம் என்றால் ‘மாற்று’ பெயர். ஒற்றை எடுத்துவிட்டு ‘மாற்றுபடம்’ என்று எழுதினால் வினைத்தொகை: மாற்றிய படம், மாற்றுகின்ற படம், மாற்றும் படம். காலம் கரந்த பெயரெச்சம். முன்னால் ஒருவர் மாற்றினார், இன்று இவர் மாற்றுகிறார், நாளை இன்னொருவர் மாற்றுவார். நீங்கள் கேட்ட பொருள் அப்படியே அதற்குள் இருக்கிறது! வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

வாசுதேவநல்லூர் (இப்போது பெங்களூரு) எழுதியது:

ஐயா, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும், எழுத்துப்பிழை திருத்திக்குத் தெரியாதே. ஒற்றில்லாமல் எழுதினால் அதுவாகவே ‘ப்’ போட்டுவிட்டுப் போகும். அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவரும் போடுவார். ஓர் ஒற்றை நம்பி ஒரு கலைச்சொல்லை நிறுத்துவது ஆபத்து.

இன்னொரு ஐயமும் உண்டு. வினைத்தொகையில் படம் எழுவாயா, செயப்படுபொருளா? ‘மாற்றுபடம்’ என்றால் படம் எதையோ மாற்றுகிறது என்றும் கொள்ளலாமே.

பாளை எழுதியது:

குடிநீர் எதையாவது குடிக்கிறதா? எழுதுகோலை நாம் எழுதுகிறோமா, கோலால் எழுதுகிறோமா? பாய்புலி தானே பாய்கிறது. செயப்படுபொருள், கருவி, எழுவாய் மூன்றையும் வினைத்தொகை தாங்கும். கேட்பவன் பொருளறிந்து கொள்வான். தமிழனுக்கு இதற்கெல்லாம் வழிகாட்டிப் பலகை தேவையில்லை.

ஒற்று பயமென்றால் ‘திருத்துபடம்’ என்று வையுங்கள். ‘திருத்துப்படம்’ என்று எவனும் எழுதமாட்டான்.

வள்ளியூர் எழுதியது:

எழுதுவார்கள், அண்ணாச்சி. கடைத்தெருவில் ‘குடிநீர்’ எத்தனை விதமாக எழுதியிருக்கிறது என்று நடந்துபோய்ப் பாருங்கள்.

ஆனால் ‘திருத்து’ எனக்குப் பிடித்திருக்கிறது. காடு திருத்தி வயலாக்குவது, நிலம் திருத்துவது என்று விவசாயி வாயில் ஏற்கெனவே இருக்கிறது. முடி திருத்தும் நிலையம் வேறு ஊருக்கு ஊர் இருக்கிறது.

வாசுதேவநல்லூர் (இப்போது பெங்களூரு) எழுதியது:

விடைத்தாள் திருத்துவதும் இருக்கிறதே. பிழை இருந்தால்தானே திருத்துவோம்? ‘இது திருத்துபடம்’ என்று எழுதினால், நம்மிடம் பிழையான படத்தைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள் என்று பயிற்சியாளர் நினைப்பார். ‘பொருத்துபடம்’ அல்லது ‘இசைபடம்’ என்று யோசிக்கலாம். ஊருக்கு இசைய ஆகும் படம்.

நடைமுறையில் ஒன்று. பயிற்சியாளர் பவர்பாயிண்டில் நிறத்தை மாற்றிவிட்டால் இணையத்தில் ஓடும் பாடமும் மாறிவிடும் என்று எண்ணிக்கொள்வார்கள். கோப்பை ஸ்கார்ம் பொதியாக்கி (இணையப் பாடத்துக்கென்று கட்டிய கோப்பு), மூடுல் என்ற இணையப் பாடத் தளத்தில் ஏற்றியிருந்தால் அந்தப் பொதி பழையபடியேதான் இருக்கும். மாற்றிய கோப்பை மறுபடி பொதியாக்கி ஏற்றினால்தான் உண்டு. ‘மாற்றலாம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால், தொலைபேசி முழுக்கக் களக்காட்டுக்குத்தான் வரும்.

தென்காசி எழுதியது:

‘இசைபடம்’ என்றால் மியூசிக் வீடியோ. நான் ஏதும் சொல்லவில்லை.

வெற்றுப் பெட்டியை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். இடங்காட்டி, இடப்பிடி, ஒதுக்கிடம் என்று மூன்று புழக்கத்தில் பார்க்கிறேன். ‘இடங்காட்டி’ என்றால் வரைபடத்தில் ஊரைக் காட்டும் ஊசிக்குறி போல இருக்கிறது. ‘இடப்பிடி’ பேருந்தில் துண்டு போடுவது. ‘ஒதுக்கிடம்’ பரவாயில்லை, ஆனால் ஒதுக்குப்புறம் வாடை அடிக்கிறது.

எழுத்துரு விஷயமும் கையேட்டில் போகட்டும். தீமின் எழுத்துரு அமைப்பில் லத்தீன், கிழக்காசியம், சிக்கல் வரிவடிவம் (காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட்) என்று மூன்று இடங்கள். தமிழ் மூன்றாவதில் வரும். லத்தீன் இடத்தில் மட்டும் எழுத்துருவை மாற்றிவிட்டு, தமிழ் எழுத்து மாறவில்லையே என்று திகைப்பவர்கள் ஏராளம். பெட்டியின் அளவையும் கொஞ்சம் தாராளமாக வையுங்கள். ஆங்கிலத்தில் இரண்டு சொல்லில் அடங்கும் தலைப்பு தமிழில் ஒரே சொல்லாக வந்து பெட்டியின் ஓரத்தைத் தாண்டி நிற்கும், உடைக்கவும் முடியாது.

பத்தமடை எழுதியது:

வெற்றுப் பெட்டிக்கு ‘நிரப்பிடம்’? நிரப்பும் இடம். பாளை ஐயா மகிழ இதுவும் வினைத்தொகை, ஒற்றுத் தகராறும் இல்லை. வருகின்ற சொல் உயிரில் தொடங்குகிறதல்லவா.

பாளை எழுதியது:

நிரப்பிடம். நன்று. உகரம் கெட்டு உயிர் ஏறிற்று. மறுப்பில்லை.

தென்காசி எழுதியது:

மறுப்பில்லை என்று அவரே சொல்லிவிட்டாரா? தேதியைக் குறித்து வையுங்கள்.

மட்டுறுத்துநர்:

கேலி போதும். நிரப்பிடத்துக்கு எதிர்ப்பு இல்லை, அதை முடித்துக்கொள்வோம். படத்துக்கு இப்போது களத்தில் இருப்பவை: டெம்ப்ளேட், மாற்றுபடம், திருத்துபடம், பொருத்துபடம், ஊடைப்படம். எழினி தனி இழைக்கு மாற்றப்பட்டது. அங்கே தொடரலாம்.

களக்காடு எழுதியது:

நேற்று மாலை பயிற்சியாளர்கள் சிலரிடம் கோப்பைக் கொடுத்து, சொல் எதுவும் சொல்லாமல், “இதை உங்கள் ஊருக்கு மாற்றிக் காட்டுங்கள்” என்றேன். என்ன சொல்கிறார்கள் என்று காது கொடுத்தேன். வெற்றுப் பெட்டியை ஒரு பெண், “நிரப்புற இடம்” என்றார், பத்தமடை சார் கவனிக்க. படத்தை எல்லோரும் ‘படம்’ என்றுதான் சொன்னார்கள். மாற்றத்தக்கதா இல்லையா என்று வேறுபடுத்த அவர்களுக்குத் தேவையே வரவில்லை. ஒரு போட்டோவைச் சொடுக்கி நிறம் மாறாதபோதுதான், “இது மாத்த முடியாத படமா?” என்று ஒருவர் கேட்டார். ஆக, அவர்களுக்கு எல்லாப் படமும் மாறும், சில படம் மட்டும் மாறாது. நாம் சாதாரணத்துக்குப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம், அவர்கள் விதிவிலக்குக்குக் கேட்கிறார்கள்.

இன்னொன்றும் பார்த்தேன். வெள்ளைப் பின்னணியில் வாழைப்பழ மஞ்சளில் எழுத்துப் போட்டு அழகு பார்த்தார் ஒருவர். போனில் ஒன்றும் தெரியவில்லை. எழுத்துக்கும் பின்னணிக்கும் நிறவேறுபாடு 4.5க்கு 1 ஆவது இருக்க வேண்டும் என்பது இணைய அணுகல் நெறி, பெரிய எழுத்துக்கு 3க்கு 1 போதும். இதை எந்தச் சொல்லில் எழுதுவது என்று இன்னொரு இழை தொடங்க எனக்குத் தெம்பில்லை. ‘மஞ்சளில் எழுதாதீர்கள்’ என்றே போட்டுவிட்டேன்.

வாசுதேவநல்லூர் (இப்போது பெங்களூரு) எழுதியது:

அப்படியானால் பெயரைத் திருப்பிப் போடுங்கள். மாறாத படத்துக்கு ‘நிலைப்படம்’, மற்றதெல்லாம் வெறும் படம்.

பாளை எழுதியது:

சொல்லாக்கக் குழுவில் ஒரு வாரம் வாதாடி, ‘படம்’ என்ற சொல்லைக் கண்டுபிடித்திருக்கிறோம். வாழ்க. புழங்குகிறவர் கேட்கவில்லை என்பதற்காகப் பெயர் வைக்காமல் விட்டால், கடையில் வாங்குகிறவன் எப்படிக் கேட்டு வாங்குவான்? படம் வரைந்து கொடுக்கும் வள்ளியூர்க்காரர் விலைப்பட்டியலில் என்ன எழுதுவார்?

வள்ளியூர் எழுதியது:

இதுவரை ‘எடிட் பண்ணலாம்’ என்று எழுதி வந்தேன். அண்ணாச்சி சொல்வது நியாயம்தான், வாங்குகிறவருக்குப் பெயர் வேண்டும். நான் திருத்துபடம் என்று போட்டுப் பார்க்கிறேன். யாராவது ‘பிழை இருக்கிறதா’ என்று கேட்டால் இங்கே வந்து சொல்கிறேன்.

களக்காடு எழுதியது:

கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது. அனைவருக்கும் நன்றி. நிரப்பிடம் எல்லாப் பக்கத்திலும் போயிற்று. முதல் பக்கத்தில் மட்டும் ‘திருத்துபடம் (நீங்கள் விரும்பியபடி மாற்றிக்கொள்ளும் படம்)’ என்று ஒரு தடவை, அதற்கப்புறம் ‘படம்’. மாறாதவை ‘நிலைப்படம்’. மாஸ்டரை மாஸ்டர் என்றே விட்டேன், திரையில் அப்படி இருப்பதால். மூடுலில் மறுபடி ஏற்ற வேண்டும் என்பது கட்டம் கட்டி அட்டையின் உள்பக்கத்தில்.

பாளை எழுதியது:

நிரப்பிடம், நிலைப்படம் ஏற்கிறேன். திருத்துபடத்தை அடைப்புக்குறியின் தயவில் ஒரே ஒரு தடவை நிற்க வைத்ததை ஏற்கவில்லை. மாஸ்டரையும் ஏற்கவில்லை, பத்தமடையார் ‘பாவு’ என்று கையில் கொடுத்ததை நழுவவிட்டீர்கள். இரண்டாம் பதிப்புக்கு முன் எனக்குத் தெரிவிக்கவும்.

தென்காசி எழுதியது:

ஐயா, மெய்ப்பு வந்திருக்கிறது. அச்சகத்தில் ‘திருத்துப்படம்’ என்று ஒற்றுப் போட்டிருக்கிறார்கள்.